பஞ்ச கணபதி

பஞ்ச கணபதி என்பது ஐந்து முகங்கள் கொண்ட பிள்ளையாரை முன்னிறுத்தி, ஆண்டுதோறும் டிசம்பர் 21 முதல் 25 வரை வீடுகளில் கொண்டாடப்படும் இந்து விழா ஆகும். ஐக்கிய அமெரிக்கா முதலிய நாடுகளில் வாழும் சில இந்துக் குடும்பங்கள் இதனைக் கொண்டாடுகின்றன. மரபான பஞ்சாங்கத்தில் இல்லாத இவ்விழா 1985 ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. வெளிநாடுகளில் வாழும் இந்துக்கள் புதிய விழாக்களை அமைத்துக்கொள்ளலாமா, மரபு விழாக்களையே பேண வேண்டுமா என்ற வினாவுக்கு இது தெளிவான எடுத்துக்காட்டாகும்.

தோற்றம்

இவ்விழாவை உருவாக்கியவர் சிவாய சுப்பிரமுனியசுவாமி (1927–2001). கலிபோர்னியாவில் பிறந்த இவர், 1949 இல் யாழ்ப்பாணத்தில் யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்றார். 1970 இல் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் சைவ மடம் ஒன்றை நிறுவினார். 'இந்துயிசம் டுடே' இதழைத் தொடங்கியவரும் இவரே.

கிறித்தவர் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் டிசம்பர் இறுதி விடுமுறைக் காலமாகும். பரிசுகளும் வாழ்த்து அட்டைகளும் நிறைந்த அந்நாட்களில் இந்துக் குழந்தைகளுக்குத் தம் சமயம் சார்ந்த கொண்டாட்டம் ஒன்றை அளிப்பதே இவ்விழாவின் நோக்கம்.

கொண்டாடும் முறை

வீட்டின் கூடத்தில் பிள்ளையார் திருவுருவம் வைத்து அலங்கரிக்கப்படுகிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறமும் ஒரு கடமையும் உண்டு.

* டிசம்பர் 21 (பொன் மஞ்சள்): குடும்பத்தினரிடையே அன்பை வளர்த்தல்
* டிசம்பர் 22 (நீலம்): உறவினர், அயலார், நண்பர்களுடன் இணக்கம்
* டிசம்பர் 23 (சிவப்பு): தொழில்சார்ந்தோர், வணிகர், பொதுமக்களுடன் நல்லுறவு
* டிசம்பர் 24 (பச்சை): இசை, நடனம் முதலிய கலைகள்
* டிசம்பர் 25 (செம்மஞ்சள்): அறமும் கொடையும்

குழந்தைகள் நாள்தோறும் பெறும் பரிசுகளைப் பிரிக்காமல் பிள்ளையார் முன் வைத்து, ஐந்தாம் நாள் பிரிக்கின்றனர்.

மரபு விழாக்களுடன் ஒப்பீடு

இதே பருவத்தில் பிள்ளையாருக்குரிய மரபு நோன்புகளும் உள்ளன. இலங்கைச் சைவர்கள் கார்த்திகைத் தேய்பிறைப் பிரதமை முதல் மார்கழி வளர்பிறைச் சட்டி வரை 21 நாட்கள் பெருங்கதை விரதம் இருந்து பிள்ளையார் கதை படிக்கின்றனர். நகரத்தார் திருக்கார்த்திகைக்குப் பின் 21 ஆம் நாளையொட்டிப் பிள்ளையார் நோன்பு கொண்டாடி, 21 நூலிழைகளாலான திரியை இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடருடன் உட்கொள்கின்றனர். இதனை 'இழை எடுத்தல்' என்பர்.

அடிப்படை வேறுபாடு நாட்கணிப்பில் உள்ளது. நோன்பு நாளைத் திதியும் நட்சத்திரமும் முடிவு செய்கின்றன. எனவே ஆங்கில நாட்காட்டியில் அது ஆண்டுதோறும் மாறும். பஞ்ச கணபதியின் நாட்கள் விடுமுறையையொட்டி நிலையாக அமைந்தவை. நோன்பு, பசியையும் கட்டுப்பாட்டையும் கற்பிக்கிறது. புதிய விழா, பரிசையும் உறவையும் முன்வைக்கிறது.

மரபு விழாக்களும் வெளிநாட்டில் சில மாற்றங்களை ஏற்கின்றன. 1985 இல் தொடங்கப்பட்ட பாரிசு மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், விநாயகர் சதுர்த்தியையொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வீதியுலா வருகிறது. மாறாக, சிங்கப்பூரில் தைப்பூசம் 1968 இல் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எனினும் பக்தர்கள் பூச நாளிலேயே காவடி எடுத்துத் தேங்க் சாலை தெண்டாயுதபாணி கோவிலுக்குச் செல்கின்றனர்.

கருத்துகள்

பிள்ளைகள் தம் சமயத்தை விட்டு விலகாதிருக்க இத்தகைய விழா உதவும் என்பது ஆதரிப்போர் வாதம். வீட்டளவில் இருந்த விநாயகர் சதுர்த்தியைப் பால கங்காதர திலகர் 1893 இல் புனேயில் பொது விழாவாக வளர்த்ததுபோல, விழாக்கள் காலந்தோறும் மாறியே வந்துள்ளன என்றும் கூறலாம். இது கிறித்துமசின் சாயலில் அமைந்தது என்பதும், வேறொரு சமயத்தின் நாட்காட்டியைப் பின்பற்றினால் சொந்த நோன்புகள் மறக்கப்படும் என்பதும் எதிர்வாதம்.

விடுமுறை குறித்த சூழலும் மாறி வருகிறது. நியூயார்க் நகரப் பள்ளிகளுக்குத் தீபாவளியன்று விடுமுறை அளிக்கும் சட்டம் 2023 இல் இயற்றப்பட்டது. மரபு நாளுக்கே விடுமுறை கிடைக்கும் இடங்களில், விடுமுறைக்கேற்ப விழா அமைக்கும் தேவை குறைகிறது. எனினும் பெருங்கதை விரதம் போன்ற வீட்டு நோன்புகளுக்கு எந்நாட்டிலும் விடுமுறை கிடைப்பது அரிது. அவை நிலைப்பது, பெற்றோர் அவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைப் பொறுத்தே அமையும்.