வட்டில் கிடந்த படம் வீட்டுத் திரைக்கு வந்த கதை



நம் பெற்றோர் தோட்டத்துத் திடலில் பாய் விரித்து, வெள்ளைத் துணியில் ஓடிய படத்தைக் கண்டு களித்தவர்கள். நாமோ பாசார் மாலாமில் வீசிடி வாங்கிய தலைமுறை. 1993ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட அந்த வட்டில் 74 நிமிடப் படமே அடங்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்திற்கு மூன்று வட்டுகள் வேண்டியிருந்தன. சண்டை சூடு பிடிக்கும் நேரத்தில் எழுந்து போய் வட்டை மாற்றியதை யார்தான் மறப்பர்?

சினிமா போகட்டும். நம் வீட்டுத் திருமணங்களும் காதுகுத்துகளும் அவ்வட்டுகளில்தான் பதிவாயின. தோட்டம் விற்கப்பட்டு, லயன் வீடுகள் இடிக்கப்பட்டு, ஊர் பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றிற்குப் பழைய கோயில் வாசல் இன்று தெரிவது அந்தத் திருமண வட்டில் மட்டுமே. ஆகவே வட்டின் வரலாறு நம் வீட்டு வரலாறும் ஆகிறது.

1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தாகோ ஏரிக்கரையில் ‘ஹை சியரா’ என்னும் விடுதியில் சில நிறுவனத்தார் கூடினர். வட்டில் கோப்புகளை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்பதே பேச்சு. அங்கு பிறந்த திட்டம் 1988இல் ‘ஐ.எஸ்.ஓ. 9660’ என்னும் உலகத் தரமாயிற்று. ஒரு வட்டு முழுவதையும் அச்சுப் பிசகாமல் ஒரே கோப்பாகப் படியெடுத்தால் அதை வட்டுப் படிமம் என்பர். அக்கோப்பின் பெயர் ‘ஐ.எஸ்.ஓ.’ என்று முடிவது அந்தத் தரத்தின் நினைவாகத்தான்.

1996 நவம்பரில் டிவிடி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதில் படம் ஒரே துண்டாக இராது; ஒரு கிகாபைட்டுக்கு மிகாத துண்டுகளாகக் கிடக்கும். பட்டியலும், மொழித் தெரிவும், காட்சிகளுக்குத் தாவும் வழியும் உடன் இருக்கும். படக் கம்பெனிகள் அதற்கு ஒரு பூட்டும் போட்டன. 1999இல் அப்பூட்டைத் திறக்கும் நிரல் வெளியாயிற்று. அதை வெளியிட்டோரில் ஒருவர் யோன் யோஹான்சன் என்னும் நார்வே நாட்டுப் பதினைந்து வயதுச் சிறுவர். வழக்கு நடந்தது, 2003இல் மேல்முறையீட்டிலும் விடுதலையானார். எனினும் விற்பனைப் படங்களின் பூட்டைத் திறப்பதைப் பல நாடுகளின் சட்டம் தடுக்கிறது. நம் வீட்டுத் திருமண வட்டுக்கு அத்தகைய பூட்டு கிடையாது.

2002இல் எக்ஸ்பாக்ஸ் என்னும் விளையாட்டுப் பெட்டியில் படம் ஓட்டுவதற்குச் சில ஆர்வலர்கள் ஒரு நிரல் எழுதினர். அதன் வழிவந்ததே 2014 முதல் ‘கோடி’ என வழங்கும் நிரல். நம் எண் கோடிக்கும் அதற்கும் உறவில்லை! அதே குடும்பத்தில் 2008இல் பிரிந்து வந்தது ‘பிளெக்ஸ்’. வீட்டில் ஒரு கணினியில் படங்களைச் சேர்த்து வைத்து, கூடத்துத் தொலைக்காட்சிக்கும் மகள் கைப்பேசிக்கும் அனுப்பும் வேலை அதனுடையது. வேடிக்கை என்னவென்றால், தாய் வீட்டு நிரலான கோடி வட்டுப் படிமத்தைப் பட்டியலோடு ஓட்டும்; பிளெக்ஸோ அதை ஏற்பதே இல்லை.

காரணம் எளியது. வட்டுப் படிமம் பூட்டாத டிரங்குப் பெட்டி போன்றது. உள்ளே எல்லாம் இருக்கும். ஆனால் பரிமாறும் கணினிக்கு வேண்டியது குழாய்த் தண்ணீர்போல் தொடர்ந்து ஓடும் ஒரே படம். பார்ப்பவர் பொத்தானை அழுத்த அழுத்தப் பெட்டிக்குள் அங்கும் இங்கும் தாவ அதற்கு வசதியில்லை. ஆகவே படிமத்திலிருந்து படத்தை மட்டும் பிரித்து, ‘மேட்ரோஸ்கா’ என்னும் கோப்பாக மாற்றுகின்றனர். ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் ருஷ்யப் பொம்மையின் பெயரைத் தழுவியது அது. மறுபடி சுருக்காமல் மாற்றினால் படத்தின் தெளிவு சிறிதும் குறையாது.

வீசிடி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதிக நேரப் படத்தை அடக்குவதற்காக, பிழை திருத்தும் குறிப்புகளுக்குரிய இடத்தையும் அதில் படத்திற்கே கொடுத்துவிட்டனர். அதனால் ஐ.எஸ்.ஓ. படிமம் அதனை முழுமையாக ஏற்காது. ‘பின்’, ‘க்யூ’ என்னும் இரட்டைக் கோப்புகளாகவே படியெடுக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. ஆக எடுத்துவிட்டு, ஓடவில்லையே என்று வட்டை எறிந்தவர்கள் உண்டு.

வீட்டில் பதிவு செய்த வட்டில் படம் தங்கியிருப்பது ஒரு சாயத்தில். வெயிலும் புழுக்கமும் அதைக் கெடுக்கும். நம் தகரக் கூரையின்கீழ் அலமாரி உச்சியில் வைத்த வட்டுகள்தாம் முதலில் போகும். முதலில் படிமம், பிறகு அதிலிருந்து படம் என்று எடுத்து, படிமத்தையும் இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணினியில் படிக்காத வட்டை வேறொன்றில் வைத்துப் பாருங்கள். ஒன்று தடுமாறும் இடத்தை மற்றொன்று படித்துவிடுவதுண்டு.