பாசன ஏரி ஈரநிலமா? 2017 விதிகளின் விலக்கும் பிள்ளைப்பாக்கமும்

பாசன ஏரிகள் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகளுக்கு அப்பாற்பட்டவை என்பது இத்துறை எழுத்துகளில் ஏறக்குறைய முடிந்த முடிவாகிவிட்டது. கரை, மதகு, கலங்கல் ஆகியவற்றைச் செப்பனிட்டால் ஏரி மீண்டுவிடும் என்ற எண்ணமும் அதிலிருந்தே பிறக்கிறது. அந்த முடிவு விதியின் வாசகத்தைத் தாண்டிச் செல்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்வட்டாரத்தில் இது ஏட்டளவான பூசல் அன்று. பிள்ளைப்பாக்கத்தில் சிப்காட் தொழிற்பூங்காவும் ஏரியும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஏரியின் உபரிநீர் சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியை நோக்கிச் செல்கிறது.

ஈரநிலத்துக்கு விதி தரும் வரையறை இயற்கை, செயற்கை இரண்டையும் முதலில் உள்ளடக்கிவிட்டுப் பிறகு சிலவற்றை விலக்குகிறது. விலக்கு ஒரே அச்சில் வார்க்கப்படவில்லை. குடிநீரைப் பொறுத்தவரை, அதற்கென்றே மனிதர் அமைத்த நீர்நிலைகள் விலக்கப்படுகின்றன. மீன்வளர்ப்பு, உப்பு, பொழுதுபோக்கு, பாசனம் ஆகியவற்றுக்கோ, அவற்றுக்கென்றே எழுப்பிய கட்டுமானங்கள் மட்டுமே விலக்கப்படுகின்றன. ஒரே வாக்கியத்தில் நீர்நிலையையும் கட்டுமானத்தையும் பிரித்துச் சொன்ன சட்டம், பின்னதில் முன்னதையும் சேர்த்தே கருதியது எனக் கொள்ள வலுவான காரணம் வேண்டும். மதகும் கால்வாயும் கட்டுமானங்கள். நூற்றுக்கணக்கான ஏக்கர் நீர்ப்பரப்பும் அதன் ஆழமற்ற விளிம்பும் அவ்வாறா என்பது ஐயமே.

இவ்வாசிப்பு ஏற்கப்படாவிட்டாலும், ஒரு நோக்கத்துக்கென்றே அமைக்கப்பட்டது என்ற நிபந்தனை எஞ்சுகிறது. தொண்டைமண்டலத்து ஏரியில் பாசனத்தோடு மீன்பாசிக் குத்தகையும் வண்டலும் கோரையும் கால்நடைக்கான நீரும் ஊரின் உரிமைகளாகவே இருந்தன. இன்றைய பயன்பாடும் விலக்கைத் தீர்மானிக்காது. விலக்கு பார்ப்பது அமைக்கப்பட்ட நோக்கத்தை. உபரிநீர் சென்னைக் குடிநீருக்குப் போவதாலேயே பிள்ளைப்பாக்கம் ஏரி குடிநீர்த் தேக்கமாகிவிடாது.

உச்ச நீதிமன்றத்தின் போக்கும் கவனிக்கத்தக்கது. செயற்கைக்கோள் வழியே கணக்கிடப்பட்ட 2,01,503 ஈரநிலங்களுக்கு முந்தைய 2010 ஈரநில விதிகளின் நான்காம் விதிக் கோட்பாடுகள் பொருந்தும் என 2017 பிப்ரவரியில் அது ஆணையிட்டது. புதிய விதிகள் வந்தபின், அதே ஆண்டு அக்டோபரில் அதை மீண்டும் உறுதிசெய்தது. அக்கணக்கின் அடிப்படையான தேசிய ஈரநில வரைபடத்தொகுப்பு ஏரி, குளங்களைத் தனி வகையாகவே எண்ணுகிறது. புதிய வரையறை பழைய காப்பை நீக்கிவிட்டது என்பார் இந்த அக்டோபர் ஆணைக்கு விடை சொல்ல வேண்டும்.

பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பாசன ஏரிகளே. அவை பறவைகள் சரணாலயங்கள் என்பதால் விதிவிலக்கு என்பர். ஆனால் வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமானதால்தான் ஊரார் பறவைகளைக் காத்தனர். சட்டக்காப்பு அதன்பின் வந்தது. 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டமே போதும் என்ற மறுப்புக்கு நீண்ட விடை தேவையில்லை: அது ஆக்கிரமிப்பை அகற்றும், நீரின் தன்மையை ஆளாது.

வாசிப்பு மாறினால் மீட்டெடுப்பின் இலக்கும் மாறும். கொள்ளளவு மட்டுமே அளவுகோலானால், அடிமண்ணை ஒரே ஆழத்துக்கு அள்ளுவதும் கரையை உயர்த்துவதும் வெற்றியாகத் தோன்றும். அரிவாள் மூக்கனும் நத்தைகுத்தி நாரையும் இரைதேடும் ஆழமற்ற விளிம்பு அதில் மறைந்துபோகும். கழிவுநீர் வரும் வரத்துக்கால்வாய் கணக்கிலேயே வராது. ஈரநிலம் என ஏற்றால் கோடையில் விளிம்பு வெளிப்படும் நீர்மட்டம், பறவைகள் கூடுகட்டும் மரங்கள், வரத்துநீரின் தரம் ஆகியவை திட்டத்துக்குள் வந்தாக வேண்டும். மீன்பிடிப்போருக்கும் கீழ்ப்புற உழவருக்கும் இதனால் இழப்பில்லை. அழுக்கு நீர் செம்பரம்பாக்கத்தைச் சேர்வதைத் தடுப்பது நகரத்துக்கும் ஆதாயமே.

வாசகத்தின் பொருள் நீதிமன்றத்தில் இறுதியாகத் தெளியும்வரை இம்முடிவைத் தற்காலிகமானதாகவே முன்வைக்கிறேன். எனினும், ஓர் ஏரி விலக்குக்கு உட்பட்டது எனச் சொல்பவரே அதை நிறுவ வேண்டும். மாநில ஈரநில ஆணையம் இத்தொழில்வட்டார ஏரிகளை அறிவிக்கைக்கு எடுத்துக்கொள்ள, இன்றைய விதியின் வாசகமே தடை என்று சொல்ல இடமில்லை.