பப்பாளிப் பால் மாத்திரையான கதை

வெயில் ஏறுவதற்குள் பால் எடுத்து முடித்துவிட வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 5 ரகங்கள் இதற்குப் பேர்போனவை. பிஞ்சு விட்டு 75 முதல் 90 நாளான பச்சைக் காயில், காம்பிலிருந்து நுனிவரை நாலு கீறல் போடுவார்கள். ஆழம் 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. வெள்ளைப் பால் சொட்டி, கொஞ்ச நேரத்தில் உறைந்து நின்றுவிடும். இரும்புப் பாத்திரத்தில் பிடித்தால் அதன் வீரியம் போய்விடும். வெறுங்கையில் பட்டால் தோல் புண்ணாகும். மூன்று நான்கு நாள் கழித்து அதே காயில் மறுபடியும் கீறுவார்கள். தழும்பு விழுந்த காய்கள் டூட்டி ஃப்ரூட்டிக்குப் போகும்.

பாலை மிதமான சூட்டில் உலர்த்திப் பொடியாக்கினால் அதுதான் பப்பாயின். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ் பிரித்தறிந்த இந்த நொதி, புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும். கறியை மென்மையாக்கும் பொடியிலும் இதுதான் இருக்கிறது. மருந்துக் கடையின் செரிமான மாத்திரையிலும் இதுதான், பெரும்பாலும் மாவுச்சத்தை உடைக்கும் டயஸ்டேஸோடு சேர்ந்து.

தனக்கு முன்னால் இருப்பது ஆட்டுக்கறியா, நம் உடம்பின் சதையா என்று பப்பாயினுக்குத் தெரியாது. உணவுக்குழாயில் இறைச்சித் துண்டு சிக்கியவர்களுக்கு ஒரு காலத்தில் இதைக் கரைத்துக் கொடுத்தார்கள். சிலருக்குக் குழாயே ஓட்டையாகிவிட்டது. முதுகுத்தண்டு வட்டு பிதுங்கியவர்களுக்கு ஊசியாகப் போட, இதே பாலிலிருந்து எடுத்த கைமோபப்பாயினுக்கு அமெரிக்கா 1982இல் அனுமதி தந்தது. சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வந்தது. பின்னர் அந்த ஊசி சந்தையிலிருந்தே மறைந்தது. புண்ணில் தடவும் பப்பாயின் களிம்புகளையும் 2008இல் அங்கே நிறுத்தச் சொன்னார்கள்.

மாத்திரையின் அளவு சிறியது. பெரும்பாலானவர்களுக்குத் தொல்லை தருவதில்லை. ஆனால் ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பப்பாளியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

நல்ல கணையம் உள்ளவருக்கு இந்த மாத்திரையால் பெரிய லாபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. புரதத்தைச் செரிக்கப் பெப்சினும் டிரிப்சினும் உடம்பிலேயே சுரக்கின்றன. மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாமல் வரும் வாயுவுக்கும் பப்பாயின் உதவாது. அதற்கு லாக்டேஸ் வேண்டும். என் கவலையெல்லாம், மாதக்கணக்கில் இதை விழுங்கிக்கொண்டே நோயை வளரவிடுகிறவர்களைப் பற்றித்தான். எடை இறங்கிக்கொண்டே போய், மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால், கணையம் பழுதுபட்டிருக்கலாம். தென்னிந்தியாவில் நாள்பட்ட கணைய அழற்சி அபூர்வமல்ல. அதற்கான மருந்து பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கும் பான்கிரியாட்டின். கொழுப்பை உடைக்கும் லைபேஸ் அதில் உண்டு, பப்பாயினில் இல்லை. டாக்டர் சொன்ன அளவில், சாப்பாட்டோடு சேர்த்தே அந்தக் கேப்ஸ்யூலை விழுங்க வேண்டும்.