குருதியமுக்க அளவீடு: ஒரு சமூக வரலாற்று நோக்கு

மருத்துவக் கருவிகளின் வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாக எழுதும் மரபு இன்றும் செல்வாக்குடன் விளங்குகின்றது. ஒரு கருவி எத்தகைய சமூகத் தேவை காரணமாகப் பரவிற்று, எவர் கையிலிருந்து எவரை அளந்தது என்னும் வினாக்கள் அம்மரபில் எழுப்பப்படுவது அரிது. குருதியமுக்க அளவீட்டின் வரலாறு, சிறப்பாக ஒருவர் தம் அன்றாட அலுவல்களில் ஈடுபட்டிருக்கையிலேயே 24 மணிநேரமும் அமுக்கத்தைப் பதிவுசெய்யும் நடமாட்ட அளவீட்டின் வரலாறு, அவ்வினாக்களைத் தவிர்க்கவொண்ணாதனவாக்குகின்றது.

ஆங்கிலேய மதகுருவான ஸ்டீபன் ஹேல்ஸ், குதிரையொன்றின் நாடியிற் குழாயைச் செலுத்திக் குருதி 8 அடி 3 அங்குலம் வரை உயர்ந்தமையைக் கண்டு 1733இல் வெளியிட்டார். உயிருள்ள மனிதரைத் துன்புறுத்தாது அளக்கும் வசதி பிற்பட்டதே. இத்தாலியரான ரிவா ரொச்சி 1896இல் மேற்கையிற் சுற்றும் காற்றுப்பட்டியை இரசமானியுடன் இணைத்தார். ரஷ்ய-ஜப்பானியப் போரிற் காயமுற்றோருக்குச் சிகிச்சையளித்த கொரொட்கோவ், பட்டி தளரும்போது நாடியில் எழும் ஒலிகளைக் கேட்டு அளக்கும் முறையை 1905இல் அறிவித்தார். போர்க்காயங்களால் ஊறுபட்ட நாடிகளைப் பற்றிய ஆய்வே அவரை இம்முறைக்கு இட்டுச் சென்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனினும், நோயின் அறிகுறி யாதுமற்ற மனிதரை அளக்கும் வழக்கத்தைப் பரப்பியதில் ஆயுட்காப்புறுதிக் கம்பனிகளுக்குப் பெரும்பங்குண்டு. அமெரிக்காவின் நோத்வெஸ்ரேண் மியூச்சுவல் கம்பனி 1907 அளவில் விண்ணப்பதாரரின் அமுக்கத்தைக் குறிக்கத் தொடங்கிற்று. உயர் அமுக்கமுடையோர் விரைவில் இறக்கின்றனர் என்பதைக் காப்புறுதிக் கணிப்பாளர் 1925இல் விரிவான தரவுகளுடன் காட்டினர். அவர்களை இயக்கியது முதலீட்டின் இடர் பற்றிய கணிப்பேயன்றிப் பிணியாளரின் நலனன்று. அதனாற் பெறப்பட்ட அறிவு பொய்யென்பது இதன் கருத்தன்று. தேவை அறிவுக்குத் திசை காட்டிற்று என்பதே கருத்தாகும்.

இவ்வாறு நிலைபெற்ற அளவீட்டில் அடிப்படைக் குறையொன்று இருந்தது. வைத்தியர் முன்னிலையிற் சில கணங்களிற் பெறப்பட்ட எண் ஒருவரின் நிலையான இயல்பாகக் கொள்ளப்பட்டது. வீட்டில் அளக்கும்போது அமுக்கம் குறைவதனை ஐமன், கோல்ட்ஷைன் ஆகியோர் 1940இல் எடுத்துக்காட்டினர். நாடிக்குள்ளேயே அமுக்கத்தைத் தொடர்ந்து பதிவுசெய்த மிலான் நகரத்து மன்சியா குழுவினர், வைத்தியர் அருகில் வந்ததும் சுருக்க அமுக்கம் சராசரியாக 27 மி.மீ. இரசம் வரை உயர்வதனை 1983இல் வெளியிட்டனர். தாதி அளக்கையில் அவ்வுயர்வு ஏறத்தாழப் பாதியே என்பது அவர்களது 1987ஆம் ஆண்டு முடிபு. ஆகவே, பெறப்படும் எண்ணில் நாடியின் நிலையோடு அளப்பவருக்கும் அளக்கப்படுபவருக்கும் இடையிலான உறவும் கலந்துள்ளது எனலாம்.

இக்குறையைக் களையும் முயற்சி கலிபோர்னியாவில் 1960களில் முனைப்புப் பெற்றது. ஹின்மன் முதலியோர் 1962இல் விவரித்த கருவியில், அணிந்திருப்பவரே பட்டியைக் காற்றடித்து நிரப்ப வேண்டியிருந்தது. அத்தகைய அளவீடு உறுப்புப் பாதிப்புடன் நெருங்கிய தொடர்புடையது என சொக்கொலோவ் குழுவினர் 1966இற் காட்டினர். இன்றைய கருவி தானே இயங்குவது. பகலில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும் இரவிற் சற்று அரிதாகவும் அளப்பது. இதனால் மூவகையினர் வேறுபடுத்தி அறியப்பட்டனர்: வைத்தியர் முன் மட்டும் அமுக்கம் உயர்வோர், அங்கு இயல்பாகவும் வெளியே உயர்வாகவும் உள்ளோர், உறக்கத்திலும் அமுக்கம் தணியாதோர். முதல்வகையினர் தேவையற்ற மாத்திரைகளை ஆயுள் முழுவதும் உட்கொள்ள நேரிடலாம். ஏனையோர் உரிய சிகிச்சையின்றி விடப்படலாம். மருந்துண்போரில் அதன் பயன் இரவு முழுவதும் நிலைக்கின்றதா என்பதனையும் இவ்வளவீடே புலப்படுத்தும்.

இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2011இல், வைத்தியசாலை அளவு 140/90 அல்லது அதற்கு மேற்படின் நடமாட்ட அளவீட்டினால் நோயை உறுதிசெய்தல் வேண்டுமென விதந்துரைத்தது. பகற்சராசரி 135/85ஐ எட்டுதல் அதற்குரிய எல்லை. தவறான நோய்நிர்ணயம் தவிர்க்கப்படுவதால் மொத்தச் செலவு குறையும் என்பதும் அவ்வாண்டு வெளியான பொருளியல் ஆய்வொன்றின் முடிபாகும். ஆயின் இச்சேமிப்பு பொதுச் சுகாதார சேவையொன்றின் கணக்கிலேயே தெளிவாகத் தெரியும். பரிசோதனைக்குத் தம் கைப்பணத்தைச் செலவிட வேண்டிய கூலித் தொழிலாளிக்கு முதற்செலவே தடையாகின்றது.

இவ்வரலாற்றின் முக்கிய கட்டம் கருவி தொழிற்றலத்தினுட் புகுந்தமையாகும். நியூயோர்க்கில் ஷ்னோல் முதலியோர் 1990இலும் 1992இலும் வெளியிட்ட ஆய்வுகள், வேலைச்சுமை மிகுந்தும் வேலைமீது தமக்கு அதிகாரம் குறைந்தும் உள்ள ஆண்களின் நிலையை ஆராய்ந்தன. அத்தகையோரின் அமுக்கம் வேலைநேரத்தில் மட்டுமன்றி வீட்டிலும் உறக்கத்திலும் உயர்ந்திருந்தது. உழைப்பின்மீது உழைப்பவனுக்கு அதிகாரமின்மை என நாம் அரசியற் பொருளாதாரத்திற் பேசுவது, இங்கு மி.மீ. இரசத்தில் அளவிடப்பட்டுள்ளது.

இருப்பினும், தனியொருவரின் கையிற் பட்டியைச் சுற்றி, அவருக்கு மாத்திரை வழங்கி, வேலையின் ஒழுங்கமைப்பை அவ்வாறே விட்டுவிடும் மருத்துவம் தன் கருவி கூறியதில் ஒரு பாதியையே கேட்டதாகும். மறுபாதியைக் கேட்க வேண்டிய கடமை வைத்தியரோடு தொழிற்சங்கங்களுக்கும் சமூக ஆய்வாளருக்கும் உரியது.