பிரேக் பிடிக்காத செல்

மணவாள நகர்ல இருந்து பேசுறேன். இன்னைக்குக் கதை ஒரு மரணத்துல தொடங்குது.

1923. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோட தங்கை புற்றுநோயில இறந்துபோறாங்க. அக்கா டாக்டரா இருந்தும் காப்பாத்த முடியல.

அதுக்கு 9 வருஷம் முன்னாடியே, 1914ல, ஜெர்மனியைச் சேர்ந்த தியோடர் போவெரி ஒரு புத்தகத்துல எழுதிட்டார்: குரோமோசோம் கோளாறான ஒரே ஒரு செல், கட்டுப்பாடு இல்லாம பிரிஞ்சுக்கிட்டே போறதுதான் புற்றுநோய். அப்போ அதை நிரூபிக்க வழியில்ல.

கோடிங் பாஷையில சொன்னா, நிக்கிற கண்டிஷன் அழிஞ்சுபோன லூப். சாதாரண செல், பிரியறதுக்கு முன்னாடி டிஎன்ஏ சரியா இருக்கான்னு பார்க்கும். சேதம் இருந்தா நிக்கும், சரிபண்ணும், முடியலன்னா தன்னையே அழிச்சுக்கும். இதைக் கவனிக்கிற ஜீன்கள்ல முக்கியமானது பி53. ஒரு தப்பு மட்டும் போதாது. பல தப்புகள் ஒரே செல்லுல சேரணும். வயசு ஏற ஏற ஆபத்து கூடுறது அதனாலதான். லீலண்ட் ஹார்ட்வெல் ஈஸ்ட் செல்லை வச்சு இந்தச் சோதனைச்சாவடிகளை விளக்கினார். 2001ல நோபல் பரிசு.

முத்துலட்சுமி அம்மா அதுவரைக்கும் காத்திருக்கல. 1954லயே அடையாறுல 12 படுக்கையோட புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிட்டாங்க. அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021ல இறக்குற வரைக்கும் அதுக்காகவே வாழ்ந்தாங்க.

செல்லுக்குள்ள இருக்கிற பிரேக்கை நாம இறுக்க முடியாது. ஆனா அதைத் தேய்க்கிற புகையிலையை விடலாம். ஆறாத புண்ணையும் புதுக் கட்டியையும் தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட காட்டலாம்.