சொந்த விமானத்தை வாடகைக்கு விடலாமா? லாபக் கணக்குக்கு முன் பார்க்க வேண்டிய உரிமமும் வரியும்

கோலார் தங்கவயல்: கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் பயணிகள் விமான நிலையம் இல்லை. மாரிகுப்பத்தில் இருந்து புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் வேலைக்காகப் பெங்களூரு சென்று திரும்புகின்றனர். தங்கவயலுக்கோ, மாலூர், நரசாபுரா தொழிற்பேட்டைகளுக்கோ வான்வழியே வர நினைக்கும் தொழிலதிபரும் பெங்களூருவில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாகத்தான் வர வேண்டியுள்ளது.

தேவனஹள்ளியில் கெம்பேகவுடா விமான நிலையம் 2008 மே 24-ஆம் தேதி செயல்பாட்டுக்கு வந்தது. அன்றுமுதல் நகருக்குள் உள்ள பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்தில் வழக்கமான பயணிகள் சேவை நிறுத்தப்பட்டது. நிறுவனங்களின் சொந்த ஜெட் விமானங்களும் வாடகை விமானங்களும் தொடர்ந்து அங்கு வந்து செல்கின்றன. தமிழக எல்லையில் உள்ள ஓசூரில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான ஓடுதளமும், அதை ஒட்டி விமானப் பராமரிப்புக் கூடமும் உள்ளன.

இத்தகைய விமானங்களின் உரிமையாளர்கள் அனைவரையும் ஒரு கேள்வி தொடர்கிறது. ஆண்டுக்கு 200 மணி நேரம் பறக்கும் விமானம் நன்கு பயன்படுத்தப்படும் விமானம் என்றே சொல்லலாம். ஆனால், ஓர் ஆண்டில் உள்ள 8,760 மணி நேரத்தில் அது 2.3 சதவீதம் மட்டுமே. எஞ்சிய நேரமெல்லாம் விமானம் தரையில் நிற்கிறது. செலவு மட்டும் நிற்பதில்லை. அந்த நேரத்தில் அதைப் பிறருக்கு வாடகைக்கு விட்டால் என்ன?

மஞ்சள் பலகை, வெள்ளைப் பலகை

சாலையில் ஓடும் காருக்கு இந்தக் கேள்வியின் விடை எளிது. வெள்ளை நம்பர் பலகை கொண்ட சொந்தக் காரில் கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றக் கூடாது. அதற்கு மஞ்சள் பலகை வேண்டும். விமானத்துக்கும் சட்டம் இதே கோட்டைத்தான் கிழித்துள்ளது. ஆனால், பலகையின் நிறத்தைப் பார்த்துப் பயணி அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. இந்தியாவில் பதிவான எல்லா விமானங்களின் பதிவெண்ணும் 'வி.டி.' என்ற எழுத்துகளில்தான் தொடங்குகிறது.

தனிப்பயன்பாட்டுப் பிரிவில் உள்ள விமானத்தில் உரிமையாளரும் அவருடைய குடும்பத்தினரும், நிறுவன விமானம் என்றால் அதன் அலுவலர்களும் பறக்கலாம். பணம் பெற்றுப் பிறரை ஏற்ற வேண்டுமானால், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ வழங்கும் கால அட்டவணை சாரா விமான சேவை அனுமதி கட்டாயம். துறையில் இது 'என்.எஸ்.ஓ.பி.' என்று அழைக்கப்படுகிறது. 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகும் இந்த அடிப்படை வேறுபாடு மாறவில்லை.

அனுமதி என்பது ஒரு தாளோடு முடிவதில்லை. விமான இயக்கம், பாதுகாப்பு, பராமரிப்பு, பயிற்சி ஆகிய ஒவ்வொன்றுக்கும் டிஜிசிஏ ஏற்கும் தகுதியுடைய பொறுப்பாளர்கள் தேவை. விமானிக்கு வணிக உரிமம் வேண்டும். தனியார் விமானி உரிமம் மட்டும் உடையவர் கூலிக்குப் பறக்க முடியாது. இயக்கக் கையேடுகளும் விமானிகளின் பணி நேரப் பதிவுகளும் தணிக்கைக்கு உட்பட்டவை. ஒரே ஒரு விமானம் வைத்திருப்பவர் இவ்வளவு பெரிய அமைப்பைத் தனியாகக் கட்டுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

ஆகவே நடைமுறையில் பலர் வேறொரு வழியைத் தேர்கின்றனர். ஏற்கெனவே அனுமதி பெற்ற நிறுவனத்திடம் விமானத்தை ஒப்படைத்து, அந்நிறுவனத்தின் அனுமதியில் அதைச் சேர்க்கச் செய்கின்றனர். 2014-இல் தொடங்கப்பட்ட ஜெட்செட்கோ போன்ற நிறுவனங்கள் பிறருடைய விமானங்களை நிர்வகித்து, வாடகைக்கு இயக்குவதையே தொழிலாகக் கொண்டவை.

வாடகைப் பறப்பையே முதலில் இருந்து தொழிலாக எடுத்துக்கொண்டவர்களின் கதை வேறு. 'சூரரைப் போற்று' திரைப்படத்துக்கு அடிப்படையான கேப்டன் ஜி.ஆர். கோபிநாத், ஏர் டெக்கானைத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே பெங்களூருவில் ஹெலிகாப்டர்களை வாடகைக்கு இயக்கி வந்தார். அவரிடம் இருந்தது வாடகைக்கென்றே அமைக்கப்பட்ட நிறுவனம். சொந்தத் தேவைக்கு வாங்கியதை மீதி நேரத்தில் வாடகைக்கு விடுபவருக்கு அந்தச் சாதகம் இல்லை.

5 சதவீதமா, 40 சதவீதமா?

வாடகைக்கு விடும் முடிவு உண்மையில் விமானம் இந்தியாவுக்குள் நுழையும் நாளிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி. விகிதங்களின்படி, தனிப்பயன்பாட்டு விமானத்துக்கு வரி 40 சதவீதம். முன்பு இது 28 சதவீதமும் அதன்மேல் 3 சதவீத இழப்பீட்டு மேல்வரியுமாக இருந்தது. தனிப்பயன்பாடு அல்லாத விமானத்துக்கு 5 சதவீதம் மட்டுமே.

60 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒரு ஜெட் விமானத்தை எடுத்துக்கொள்வோம். சுங்க வரியைத் தனியே வைத்துவிட்டுப் பார்த்தால், முதல் வகையில் வரி 24 கோடி ரூபாய். இரண்டாவது வகையில் 3 கோடி ரூபாய். வித்தியாசம் 21 கோடி ரூபாய். மேலும், பயணிகள் போக்குவரத்துக்குப் பயன்படும் விமானத்துக்குச் செலுத்திய வரியை உள்ளீட்டு வரிச் சலுகையாகத் திரும்பப் பெறவும் சட்டம் இடமளிக்கிறது. தனிப்பயன்பாட்டு விமானத்துக்கு அந்தச் சலுகை இல்லை. வாடகை வருமானத்தைக் காட்டிலும் இந்த வரி வேறுபாடே பலரையும் வாடகைப் பிரிவின் பக்கம் இழுக்கிறது என்பதில் வியப்பில்லை.

இங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. குறைந்த வரியில் விமானத்தை இறக்குமதி செய்தவர், அதை வணிகச் சேவைக்கே பயன்படுத்துவதாக உறுதிமொழி அளிக்கிறார். பின்னர் அந்த விமானத்தில் பெரும்பாலும் அவரும் அவருடைய குழும நிறுவனத்தினருமே பறந்தால், அது வணிகச் சேவையா, சொந்தப் பயன்பாடா?

கர்நாடக நிறுவனம் ஒன்றின் வழக்கே இந்தக் கேள்வியை விரிவாக ஆராய வைத்தது. கால அட்டவணை சாரா சேவைக்கென இறக்குமதியாகும் விமானங்களுக்கு 2007 மே 3-ஆம் தேதி மத்திய அரசு சுங்க வரி விலக்கு அறிவித்தது. ஹுப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட சரக்கு லாரி நிறுவனமான வி.ஆர்.எல். லாஜிஸ்டிக்ஸ் அந்த விலக்கின் கீழ் ஒரு சிறிய ஜெட் விமானத்தை இறக்குமதி செய்தது. நிபந்தனை மீறப்பட்டதாகக் கூறிச் சுங்கத்துறை வரி கேட்டது. விலக்கு அறிவிப்பு 'பயணிகள் சேவை', 'வாடகைச் சேவை' என இரண்டைத் தனித்தனியாக வரையறுத்திருந்ததால், பயணிகள் சேவைக்கென அனுமதி பெற்றவர் விமானத்தை முழுமையாக ஒருவருக்கே வாடகைக்கு விடலாமா என்பது வழக்கின் மையக் கேள்வியானது.

இதே போன்ற வழக்குகளில் சுங்கம், கலால் மற்றும் சேவை வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் டெல்லி அமர்வும் மும்பை அமர்வும் ஏற்கெனவே முரண்பட்ட முடிவுகளை அளித்திருந்தன. எனவே விவகாரம் பெரிய அமர்வுக்குச் சென்றது. 2022 ஆகஸ்டில் அந்த அமர்வு இறக்குமதியாளருக்குச் சாதகமாக விடையளித்தது. பயணிகள் சேவை அனுமதி உடையவர் விமானத்தை வாடகைக்கு விடுவது, விலக்கின் நிபந்தனையை மீறுவதாகாது என்பது அதன் சாரம்.

உரிமையாளர்களுக்கு இது நிம்மதியளிக்கும் முடிவுதான். ஆனாலும், விமானம் வந்திறங்கிப் பல ஆண்டுகள் வழக்கில் கழிந்த பிறகே இந்த விடை கிடைத்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குறைந்த வரியில் வாங்கியவர் ஒவ்வொரு பயணத்துக்கும் விலைப்பட்டியல், ஒப்பந்தம், பணப் பரிமாற்ற ஆவணம் ஆகியவற்றை வைத்திருப்பது அவசியம். தன் சொந்த நிறுவனத்தின் பயணத்துக்கும் இது பொருந்தும்.

கையில் என்ன மிஞ்சும்?

வாடகைக்கு விட்டால் விமானம் தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளும் என்பது விற்பனையாளர்கள் அடிக்கடி சொல்லும் வாக்குறுதி. எளிய எடுத்துக்காட்டு ஒன்றில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். விமானிகளின் ஊதியம், கொட்டகை வாடகை, காப்பீடு, பயிற்சி ஆகிய நிலையான செலவு ஆண்டுக்கு 6 கோடி ரூபாய் எனக் கொள்வோம். எரிபொருள், என்ஜின் பராமரிப்பு நிதி, தரையிறங்கும் கட்டணம் என மணிக்கு 2 லட்சம் ரூபாய் செலவாகிறது. உரிமையாளர் 200 மணி நேரம் பறக்கிறார். மேலும் 200 மணி நேரம் மணிக்கு 3 லட்சம் ரூபாய்க்கு வாடகை கிடைக்கிறது.

வாடகைப் பறப்பில் மணிக்கு 1 லட்சம் ரூபாய் வீதம் ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் மிஞ்சும். நிர்வாக நிறுவனத்தின் பங்கு அதிலிருந்தே போக வேண்டும். ஆக, 6 கோடி ரூபாய் நிலையான செலவு நான்கரைக் கோடி ரூபாய் அளவுக்குக் குறையலாம். சுமை குறைகிறது என்பது உண்மை. லாபம் என்று இதைச் சொல்ல முடியாது. கூடுதலாகப் பறந்த 200 மணி நேரத்தால் என்ஜினும் உடற்பகுதியும் தேய்ந்து, மறுவிற்பனை விலை குறைவது இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை.

தங்கவயல் மக்களுக்கு இத்தகைய கணக்கு புதிதல்ல. பூமிக்கடியில் தங்கம் தீர்ந்துபோனதால் இங்குள்ள சுரங்கம் மூடப்படவில்லை. அதை வெளியே எடுக்கும் செலவு தங்கத்தின் விலையை விஞ்சியதால்தான், பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பணிகளை நிறுத்தியது.

வாடகைத் தொழிலில் வரவை அரிப்பது காலிப் பயணம். பெங்களூருவில் இருந்து பெலகாவிக்கு ஒருவரைக் கொண்டுபோய் விட்டால், விமானம் பெரும்பாலும் ஆளில்லாமல்தான் திரும்புகிறது. அந்தச் செலவும் வாடகையாளரின் கட்டணத்தில் ஏறுகிறது. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்கிறது. கட்டணம் ஏற ஏற வாடிக்கையாளர் குறைகிறார்.

தேவை உச்சத்தில் இருக்கும் நாட்களும் கவனிக்கத்தக்கவை. தேர்தல் பிரசாரம், முகூர்த்த நாட்கள், பண்டிகை விடுமுறை ஆகிய காலங்களில்தான் நல்ல வாடகை கிடைக்கும். உரிமையாளருக்கும் அதே நாட்களில்தான் விமானம் தேவைப்படும். அவசரத்துக்கு உடனே கிளம்ப வேண்டும் என்பதற்காகச் சொந்த விமானம் வாங்கியவர், தன் விமானத்துக்காகத் தானே காத்திருக்க நேரிடும்.

அதற்காக விமானத்தைப் பூட்டி வைப்பதும் தீர்வாகாது. பெங்களூருவைத் தளமாகக் கொண்டிருந்த தொழிலதிபர் விஜய் மல்லையா பயன்படுத்திய ஏர்பஸ் ஏ319 விமானம், சேவை வரி நிலுவைக்காக 2013-இல் கையகப்படுத்தப்பட்டது. மும்பையில் பறக்காமல் நின்ற அந்த விமானத்துக்கு 2016 ஏலத்தில் 152 கோடி ரூபாய் குறைந்தபட்ச விலையாக நிர்ணயிக்கப்பட்டது. வந்த ஒரே கேட்பு 1.09 கோடி ரூபாய். இறுதியில் 2018-இல் சுமார் 35 கோடி ரூபாய்க்கு விற்பனையானது.

அனுமதியில்லாப் பயணத்தின் விலை

அனுமதி பெறாமல், 'நண்பருக்குக் கொடுத்தேன், எரிபொருள் பணம் மட்டும் வாங்கினேன்' என்ற பெயரில் நடக்கும் வாடகையே மிகவும் ஆபத்தானது. தனிப்பயன்பாட்டுக்கு எடுத்த காப்பீடு, கட்டணப் பயணத்தில் நேரும் விபத்துக்குப் பொருந்தாது. இழப்பீடு கோரும் குடும்பத்தினருக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் கதவு மூடியே இருக்கும்.

அர்ஜென்டினா கால்பந்து வீரர் எமிலியானோ சாலா 2019 ஜனவரி 21-ஆம் தேதி இரவு, பிரான்சின் நான்ட் நகரில் இருந்து பிரிட்டனின் கார்டிஃப் நகருக்கு ஒரு சிறிய தனியார் விமானத்தில் புறப்பட்டார். ஆங்கிலக் கால்வாயில் விமானம் விழுந்து, அவரும் விமானியும் உயிரிழந்தனர். விமானிக்கு வணிக உரிமமும் இல்லை, இரவில் பறக்கும் தகுதியும் இல்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. அந்த விமானத்துக்கும் வணிகப் பயணத்துக்கான அனுமதி இல்லை. பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021 நவம்பரில் 18 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இந்தியாவில் விமானத்தை வாடகைக்கு எடுப்பவர், இயக்கும் நிறுவனத்தின் என்.எஸ்.ஓ.பி. எண்ணையும் விமானத்தின் பதிவெண்ணையும் முன்கூட்டியே கேட்டுப் பெறலாம். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை டிஜிசிஏ தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது சில நிமிட வேலைதான். இடைத்தரகர் எண்ணைத் தரத் தயங்கினால், அந்தப் பயணத்தைத் தவிர்ப்பதே நல்லது.

யாருக்குப் பொருந்தும்?

ஆண்டு முழுவதும் திட்டமிட்டுப் பறப்பவர், தேதியைச் சற்று முன்பின் மாற்றிக்கொள்ளக் கூடியவர், விமானத்தை நிர்வாக நிறுவனத்திடம் முழுமையாக ஒப்படைக்கத் தயங்காதவர் ஆகியோருக்கு வாடகை பொருந்தும். 5 சதவீத வரியில் வாங்கியவருக்கு இது விருப்பம் சார்ந்த முடிவே அல்ல. அவர் ஏற்ற கடமை. பல்லாரி, கொப்பள் போன்ற இரும்புத்தாதுப் பகுதிகளில், தொழிற்சாலைக்கு அருகே நிறுவனங்களே ஓடுதளம் அமைத்துள்ளன. அங்கு நாள், நேரம் பாராமல் பறக்க வேண்டியவர், அதிக வரியைக் கட்டித் தனிப்பயன்பாட்டிலேயே வைத்துக்கொள்வது நியாயமான முடிவாக இருக்கலாம். ஆண்டுக்கு 50 மணி நேரம்கூடப் பறக்காதவர் விமானம் வாங்குவதைவிட, தேவைப்படும்போது வாடகைக்கு எடுப்பதே மலிவு.

தங்கவயல் வட்டாரத்தில் வாடகை விமானத்தின் தேவையை நிர்ணயிக்கும் இன்னொரு காரணியும் உண்டு. கெம்பேகவுடா விமான நிலையத்துக்கான சலுகை ஒப்பந்தத்தின்படி, மைசூரு, ஹாசன் நீங்கலாக, அதிலிருந்து 150 கி.மீ. வான்தொலைவுக்குள் 25 ஆண்டுகளுக்கு வேறு சர்வதேச விமான நிலையம் அமைக்க முடியாது. தங்கவயலும், தமிழக அரசு 2024 ஜூனில் புதிய விமான நிலையத்தை அறிவித்த ஓசூரும் இந்த வட்டத்துக்குள் வருகின்றன. அந்த 25 ஆண்டுக் காலம் 2033 மே மாதத்தில் முடிவடைகிறது.