எந்தப் பக்கம் உட்கார்ந்து பாடினார்கள்?

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் சபை. நான் அங்கே கீபோர்டு வாசிக்கிறேன். வாரம் முழுக்க ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. எங்கள் ஆராதனைக் குழுவில் ஆறு பேர். ஆறு பேரும் சேர்ந்து பிராக்டிஸுக்கு வந்த நாளை இன்னும் நான் பார்க்கவில்லை. ஏ ஷிஃப்டில் இரண்டு பேர், சி ஷிஃப்டில் இரண்டு பேர், மீதிப் பேருக்கு ஓவர்டைம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்ததிலிருந்து, சொந்த ஊரில் ஒரே தெருவில் நடந்திருக்க முடியாதவர்கள்கூட இந்தப் பக்கம் ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள். பாட்டு விஷயத்திலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி, குழுவில் மூத்தவரான திருநெல்வேலி அண்ணன் சொன்னார்: "எப்பப் பாரு யூடியூப் பாட்டு. நாளைக்கு ஒரு பழைய கீர்த்தனை எடுப்போம். வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டு."

ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் அக்காதான் எங்கள் குழுவிலேயே நல்ல குரல். அவர் மைக்கைக் கீழே வைத்தார். "அந்தப் பாட்டெல்லாம் தெரியும்ணே. ஆனா பாடினது இல்ல. எங்க ஊர் கோயில்ல கயிர்னா முன்பெஞ்சு ஆளுங்கதான். சின்னப் பிள்ளையில ஒரு கிறிஸ்மஸுக்குப் பேர் குடுத்தேன். ஆள் போதும்னுட்டாங்க. அன்னிக்கு கயிர்ல மூணு சேர் காலியா இருந்திச்சு."

அண்ணன் பதறிப் போனார். "பாட்டு என்னம்மா பண்ணும்? சாஸ்திரியார் என்ன சாதி பார்த்தா எழுதினாரு?"

தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். கிடைத்த பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

கதை சாஸ்திரியாருக்கு முன்பே தொடங்குகிறது. 1706-ல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பத்து வருஷத்துக்குள் ஜெர்மன் ஞானப்பாட்டுகள் தமிழில் அச்சாகிவிட்டன. மெட்டு ஜெர்மன் மெட்டு, சொல் மட்டும் தமிழ். இன்று நாம் பாமாலை என்று சொல்கிற வகை இந்த வழியில் வந்தது. வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மெட்டு நீளச் சொல்கிற இடத்தில் குறில் வந்து நிற்கும், நெடில் வருகிற இடத்தில் மெட்டு அவசரப்படும். எனக்குப் பாமாலை பிடிக்கும், ஆனாலும் சில வரிகளில் தமிழ் சின்னச் சட்டைக்குள் கையை நுழைத்த மாதிரிதான் இருக்கிறது.

யார் எங்கே உட்காருவது என்ற பிரச்சினையும் அதே வயதுதான். 1733-ல் ஆரோன் என்பவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். புராட்டஸ்டன்ட் சபையின் முதல் தமிழ் குரு. வெள்ளாளர். அடுத்து, தஞ்சைப் பக்கம் ஊழியம் செய்த ராஜநாயக்கனின் பேர் அடிபட்டது. பறையர். அவர் கையால் நற்கருணை வாங்க மற்றவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று அந்தப் பேச்சு நின்றுபோனது. 1741-ல் பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. கோயிலுக்குள் வெள்ளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம். பாட்டு மட்டும் ஒன்று.

வேதநாயகம் 1774-ல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வெள்ளாளப் பிள்ளை. சுவார்ட்ஸ் ஐயர் அவரைச் சிறுவனாகத் தஞ்சாவூருக்குக் கூட்டிவந்தார். பின்னால் ராஜாவான சரபோஜியும் சுவார்ட்ஸ் பார்வையில் வளர்ந்தவர்தான். (தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தது சுவார்ட்ஸ் என்று ஒரு கதை சுற்றுகிறது. சுவார்ட்ஸ் இறந்தது 1798, வடிவேலு பிறந்தது 1810. நல்ல கதைதான், கணக்குதான் இடிக்கிறது.)

பக்கத்துத் திருவையாற்றில் தியாகராஜர் இருந்த காலம் அது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்கிற அந்தக் கட்டுமானத்தைச் சாஸ்திரியார் கோயிலுக்குள் கொண்டுவந்தார். இதனால் என்ன லாபம் என்பது மேடையில் நின்றால் புரியும். புத்தகம் இல்லாதவன், எழுத்துத் தெரியாதவன், சி ஷிஃப்ட் முடித்துத் தூங்கிவழிகிறவன், எல்லாரும் இரண்டாவது சுற்றில் பல்லவியைப் பிடித்துவிடுவார்கள். சரணத்தைக் குழு சுமக்கும், பல்லவிக்குச் சபை திரும்பி வரும். வழி காட்டுகிறவனுக்கு இதில் ஒரே வேலைதான்: பல்லவிக்கு முன்னால் குறுக்கே நிற்காமல் இருப்பது. நான் இன்டர்லூடை நீட்டி அதைப் பல தடவை கெடுத்திருக்கிறேன்.

1800-ல் அவர் எழுதிய 'பெத்தலகேம் குறவஞ்சி' இன்னும் ஆச்சரியம். குற்றாலக் குறவஞ்சியின் அதே அச்சு. நாயகியின் கை பார்த்துக் குறி சொல்ல வருகிற குறத்திதான் இதில் விசுவாசம். நடுவில் நவீன வானசாஸ்திரம் வேறு. ஊரில் யாரும் வீட்டுக்குள் விடாத ஒரு பெண்ணின் வாயில் விசுவாசத்தின் குரலை வைக்கிற துணிச்சல் அவருக்கு இருந்தது.

அதே மனிதர்தான் 1820-களில் மறுபக்கம் நின்றார். புதிதாக வந்த மிஷனரிகள் எல்லாரையும் கலந்து உட்காரச் சொன்னார்கள். பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றினார்கள். தமிழ்ப் பாட்டையும் பண்டிகை வழக்கங்களையும் ஒதுக்குகிறார்கள் என்று சாஸ்திரியார் குற்றம் சாட்டினார். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எதிர்த்தார். சாதி வித்தியாசத்தை ஆதரிக்கும் எழுத்துகளை 1829-ல் 'சாதித் திரட்டு' என்று தொகுத்தார். மிஷன் வேலை போனது. சரபோஜி கை கொடுத்தார்.

இதை வாசித்துவிட்டு இரண்டு நாள் கீபோர்டைத் தொடவில்லை. என்னைக் குழப்பியது இதுதான்: கலந்து உட்காரச் சொன்னவர்களுக்குத் தமிழ்ப் பாட்டின் அருமை தெரியவில்லை. பாட்டைக் காப்பாற்றியவருக்குப் பக்கத்தில் உட்கார மனமில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நாயகன், வில்லன் என்று பிரித்துவிட்டால் எனக்கு வசதி. அக்காவின் மூணு காலி சேருக்கு அது பதிலாகாது.

1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் எழுந்து வெளியே போனார்கள். சாதி விஷயத்தில் கொஞ்சம் தளர்வாக இருந்த லைப்சிக் மிஷனில் பிறகு ஒரு பகுதியினர் சேர்ந்தார்கள். ஆனால் பாட்டு எந்தச் சுற்றறிக்கைக்கும் நிற்கவில்லை. 1853-ல் மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். சாஸ்திரியாருக்கு அப்போது எழுபது வயது தாண்டியிருந்தது. அவர் 1864-ல் இறந்தார். அதற்குள் அவர் பாட்டு, அவர் யார் பக்கத்தில் உட்கார மறுத்தாரோ அவர்களின் பிள்ளைகளிடமும் போயிருந்தது.

அடுத்த சனிக்கிழமை இதையெல்லாம் டீ குடித்துக்கொண்டே சொன்னேன். அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. "எங்க தாத்தா கயிர் மாஸ்டர்" என்றார் கடைசியில். "அந்தப் பெஞ்சுல யாரு உட்காரணும்னு அவர்தான் சொல்லுவார்." அதற்கு மேல் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வேறு பாட்டு எடுக்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"எதுக்கு? அதே பாட்டு இருக்கட்டும். பல்லவி நான் எடுக்கிறேன்."

அப்புறம்தான் நிஜமான சிக்கல். அண்ணன் பாடுவது ஒரு கட்டையில், அக்காவுக்கு ஐந்து கட்டை. இதுவரை எல்லாப் பாட்டும் அண்ணன் கட்டையில்தான், பெண்கள் பக்கம் பாதிப் பாட்டை முணுமுணுப்பார்கள். டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தோம். நாலில் வைத்தால் அக்காவுக்குச் சரி, அண்ணனுக்குச் சரணத்தின் உச்சி எட்டவில்லை. ஒடிசாத் தம்பி டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான். அவனுக்குத் தமிழ் அரைகுறை, ஆனால் அண்ணன் திணறுவது எந்த மொழியிலும் புரியும்.

"நாலிலேயே வை" என்றார் அண்ணன். "மேல வர்ற இடத்துல நான் வாயை மூடிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை சி ஷிஃப்ட் பஸ் லேட். ஆராதனை தொடங்கும்போது பெண்கள் பக்கம் நிறைய இருந்தார்கள், ஆண்கள் பக்கம் நாலு பேர். அக்கா பல்லவியை எடுத்தார். இரண்டாவது சுற்றில் பெண்கள் பக்கம் முழுக் குரலில் சேர்ந்தது. யூனிஃபார்மோடு ஒவ்வொருவராகப் படியேறி வந்தார்கள். இடமில்லாமல் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். அனுபல்லவிக்கு அண்ணன் சேர்ந்தார், கொஞ்சம் அடங்கிய குரலில்.